டெல்பர்ட்டின் பிளாஸ்டிக் துப்பாக்கி

டெல்பர்ட் மாதிரி ஒரு கட்சிமாறியை எங்கள் துப்பாக்கி கிளப் பார்த்ததே இல்லை.

துப்பாக்கி என்றால் இரும்பும் வால்நட் கட்டையும்தான் என்று காலமெல்லாம் எங்கள் காதைத் துளைத்தவன். பிளாஸ்டிக் என்றாலே ஆகாது. சனிக்கிழமை கிளப்பில் மாட்டுக்கறிக் குழம்பு ஊற்றினால்கூட, பிளாஸ்டிக் ஸ்பூனைத் தள்ளிவிட்டுப் பாக்கெட்டிலிருந்து சொந்த எவர்சில்வர் ஸ்பூனை உருவுவான்.

அப்பேர்ப்பட்டவன் அன்றைக்கு ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் ஷாட்கன்னோடு வந்து இறங்கினான். போலீஸ்காரர்கள் வைத்திருப்பது போலக் குட்டையாக, புத்தம் புதுசு.

"பழசை வித்தாச்சு. இனிமே இதுதான். தூக்கிப் பாருங்கடா, பஞ்சு!"

எங்கள் ஓக்லஹோமா கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. புதுத் துப்பாக்கி வந்தால் அன்று பூராவும் அதைக் கிண்டலில் கிழிகிழியென்று கிழிப்போம். ஆனால் ஒரு துப்பாக்கிக்கு ஒரு நாள்தான். அதற்கப்புறம் அதைப் பற்றி யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

கிடைத்த நாளை விடுவோமா?

"டிபன் டப்பா வாங்கினா இது இலவசமா டெல்பர்ட்?" என்றேன் நான்.

"வெயில்ல வைக்காதே, உருகிடும்!" என்றான் கிளின்ட்.

டெல்பர்ட் சுட்டான். வரிசையாக நிற்கும் ஆறு இரும்புத் தட்டில் விழுந்தது இரண்டு. துப்பாக்கி லேசாக இருந்தால் சுடும்போது தோளில் விழும் உதை பலமாயிற்றே! தோளைத் தேய்த்துக்கொண்டே, "அருமையான சாமான்" என்றான். கிளின்ட் சிரித்த சிரிப்பில் பெஞ்சிலிருந்து விழுந்தான்.

சிரிக்காதவள் வெர்னா ஒருத்திதான். குழம்புப் பானையருகே கரண்டியோடு நின்றாள்.

கிளப்பிலேயே குறி தப்பாத கை அவளுடையது. இடது தோளில் ஆபரேஷன் ஆனதிலிருந்து தன் கனத்த துப்பாக்கியை அவளால் தாங்கிப் பிடிக்க முடியவில்லை. வெறுமனே குழம்பு ஊற்றவா கிளப், இந்த மாதத்தோடு நின்றுகொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள். எங்களுக்கெல்லாம் மனசு கேட்கவில்லை.

லேசாக ஒன்று வாங்கேன் என்றால் சீறுவாள். "இத்தனை வருஷம் சுட்டுட்டு, இப்ப பொம்மையைத் தூக்கிக்கிட்டு உங்க வாயில விழவா?"

அடுத்த சனிக்கிழமை வெர்னா வந்தாள். கையில் டெல்பர்ட்டின் அதே பிளாஸ்டிக் துப்பாக்கி.

"இந்தப் பயந்தாங்கொள்ளியால உதை தாங்க முடியலையாம். கெஞ்சிக் கூத்தாடி என் தலையில கட்டிட்டான்" என்றாள்.

கிளின்ட் வாயைத் திறந்தான். நான் அவன் விலாவில் ஒரு இடி இடித்தேன்.

"வழக்கம்டா! இதோட நாள் போன வாரமே முடிஞ்சு போச்சு."

திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டான், பாவம்.

வெர்னா உதை குறைந்த தோட்டாக்களைப் போட்டுக்கொண்டு நின்றாள். டங், டங் என்று ஆறு தட்டும் வரிசையாகச் சாய்ந்தன.

"எண்ணிக்கோ டெல்பர்ட்!" என்று கத்தினாள். "அடுத்த மாசமும் வந்து உன் மானத்தை வாங்கறேன் பார்!"

கிளப்பே விசிலடித்தது. டெல்பர்ட் அசடு வழிந்தான்.

ஐஸ் பெட்டி எடுக்க நான் டெல்பர்ட்டின் வண்டிக்குப் போனேன். சீட்டுக்குப் பின்னால் கம்பளியில் ஏதோ சுற்றியிருந்தது. விலக்கினால், விற்றுவிட்டதாகச் சொன்ன அவனுடைய பழைய வால்நட் துப்பாக்கி! எண்ணெய் போட்டுப் பளபளவென்று இருந்தது.

நேரே அவனிடம் போனேன். ஒரு மூலையில் உட்கார்ந்து குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தான், அதே எவர்சில்வர் ஸ்பூனால்.

"அடப்பாவி! பழசை வித்துட்டேன்னு சொன்னே?"

"மெதுவாப் பேசுடா, அவ காதுல விழப்போகுது" என்றான் டெல்பர்ட். "அந்தப் பிளாஸ்டிக் துப்பாக்கி வெர்னா கைக்குப் போறதுக்குள்ள உங்க சிரிப்பெல்லாம் தீரணுமே. அதான் அந்த ஒரு நாளை நான் வாங்கிக்கிட்டேன்."