சிவப்புக் கோடு விழுந்த காதல் வரி

திருமண நாளுக்காகப் பிரணவ் தன் வலைப்பூவில் எழுதிய பதிவை வெளியிட விடாமல், நகலெடுத்த வரிகளைக் கண்டுபிடிக்கும் சரிபார்ப்பான் செயலி நிறுத்தியது. "நீ குடையை மடக்கினால்தான் மழைக்கே நிற்கத் தோன்றுகிறது" என்ற வரியின் கீழே சிவப்புக் கோடு விழுந்திருந்தது. அந்த வரியைச் சொல்லித்தான் அவன் தன் மனைவி தேன்மொழியை அன்று கல்யாணத்துக்குச் சம்மதிக்க வைத்திருந்தான்.

"இவ்வரி ஏற்கெனவே பிறரால் வெளியிடப்பட்டது" என்று சரிபார்ப்பான் வீடு முழுக்கக் கேட்கும்படி வாசித்தது. "அனுமதி பெறவும், அல்லது சொந்தச் சொற்களில் எழுதவும்."

தேன்மொழி காபியோடு வந்து நின்றாள். "சொந்தமாத்தான் எழுதேன்."

அவன் வெகுநேரம் யோசித்து எழுதினான்: 'அன்று மழை பெய்தது. நீ குடை வைத்திருந்தாய்.'

"இது முழுக்க முழுக்க உங்களுடையது" என்றது சரிபார்ப்பான்.

அவள் மூலப் பதிவைத் திறந்தாள். அவர்கள் கல்யாணத்துக்கு முந்தைய ஆண்டு முகிலன் என்பவர் எழுதியது. தலைப்பு, 'பெரம்பூர் ரயில் நிலையத்தின் மஞ்சள் குடைக்காரிக்கு.' தேன்மொழி அப்போது தினமும் பெரம்பூரில்தான் ரயில் ஏறுவாள். அந்தக் குடை இன்னமும் கதவுக்குப் பின்னால் மஞ்சளாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"பழைய வரியே இருக்கட்டும். அந்த ஆள்கிட்ட அனுமதி கேட்டுடறேன்" என்றான் பிரணவ்.

"நீ எதுக்குச் சிரமப்படற?" என்றாள். "நானே கேட்டுக்கறேன்."