குதிரை முத்திரை

புதையலில் கிடைத்த வெள்ளிக்காசுக்குத் தன்மேல் ராஜாவின் முகம் இருக்கிறதென்று ஏகப்பெருமை. அந்த ராஜாவைக் கொன்றவன், கைப்பற்றிய காசிலெல்லாம் தன் குதிரை முத்திரையைக் குத்திப் புழக்கத்தில் விட்டிருந்தான். அந்த வடுவைக் காசு அடியோடு வெறுத்தது.

ஆராய்ச்சிக்காரர் கையிலிருந்த பூதக்கண்ணாடி குனிந்து பார்த்தது.

“எங்க ராஜா மூக்கு எப்படி? எடுப்பா இல்ல?” என்றது காசு.

“மூக்கா? முகமே தேஞ்சுபோச்சு. குதிரை மட்டுந்தான் தெரியுது.”

காசுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதற்குள் ஆராய்ச்சிக்காரர் அதை எடுத்துக் குதிரை ராஜாவின் பெட்டியில் வைத்துவிட்டார். உள்ளே இருந்த காசுகள் நகர்ந்து இடம் விட்டன.

“வாப்பா. நீ நம்ம வீட்டுப் பிள்ளை.”

“நான் உங்க ஆளில்லை. எங்க ராஜா பேரு...”

காசு தன் விளிம்பைத் தடவிப் பார்த்தது. பெயர் இருந்த இடமும் வழவழவென்றிருந்தது.