தக்காளிப் பெட்டி அட்டை

நான் தொண்டையைச் செருமினால் போதும். எதிர்க்கடைக்காரன் காதில் செருகிய பேனாவை எடுத்து, தக்காளிப் பெட்டி அட்டையில் ஒரு கோடு போடுவான்.

என் குரல் ஒரேயடியாய்ப் போகும் நாளை எண்ணுகிறான், பாவி!

சந்தையில் காய்கறி ஏலம் விடுவதுதான் இருவருக்கும் தொழில். வாசல் பக்கத்து மேடையை அவன் என்னிடமிருந்து தட்டிப் பறித்துப் பன்னிரண்டு வருஷம். அன்றோடு பேச்சு நின்றது. இப்போது மூன்று மாதமாகக் குரலும் கரகரத்துக் கிடக்கிறது.

புற்றுநோயாக இருக்குமோ என்று வாய்விட்டுச் சொல்லக்கூடப் பயம். மருமகள்தான் டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

டாக்டரம்மா மூக்கு வழியாக மெல்லிய கேமராக் குழாயை விட்டார்.

"'ஈ'ன்னு சொல்லுங்க."

சொன்னேன். திரையில் இரண்டு வெள்ளை நாடாக்கள் சேர்ந்து துடித்தன. நாற்பது வருஷம் ஒரு சந்தையையே அதட்டிய குரல், இந்தத் துளியூண்டு இடத்திலிருந்தா? பிறந்த குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தேன்.

"கட்டி எதுவும் இல்ல. பின்பக்கம் சிவந்து வீங்கியிருக்கு. வயித்து அமிலம் தொண்டை வரைக்கும் ஏறி வந்து சுடுது."

"நெஞ்செரிச்சலே இல்லையேம்மா?"

"நிறைய பேருக்கு இருக்காது. மத்தியானம் சாப்பிட்ட கையோட கோணி மேல சாஞ்சுடுவீங்க. எழுந்ததும் விடாம செருமுவீங்க. காலையிலதான் குரல் ரொம்ப மோசம். சரியா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கேமராவுல இதெல்லாமா தெரியும்?"

டாக்டரம்மா சிரித்தார். "கேமராவுல சிவப்பு மட்டும்தான் தெரியும். புகை, தூசி, கத்துறதுன்னு சிவக்க எத்தனையோ காரணம். அமிலம்னு காட்டிக் கொடுத்தது இதுதான்."

மருமகள் 'வேண்டாம்' என்று கண்ணைக் காட்டுவதற்குள், அது மேசைமேல் வந்துவிட்டது.

தக்காளிப் பெட்டி அட்டை.

மூன்று வாரம். தேதி போட்டு, மணி போட்டு, கோடு கோடாக. 'சாப்பிட்டான். படுத்தான். எழுந்து பதினாலு தடவை.' என்னோடு குடித்தனம் நடத்தியவளுக்குக்கூட இவ்வளவு தெரியாது.

அட்டையைத் திருப்பினேன். பின்பக்கம் மருமகளுக்குக் கோணல் எழுத்தில் இரண்டு வரி:

'நான் குடுத்தேன்னு உன் மாமனார்கிட்ட மூச்சு விடாதேம்மா. வீம்புக்கு மருந்தைத் தொடமாட்டான்.'