முதல் எழுத்து

கல்யாணமான மூன்றாம் மாதமே கொளஞ்சிநாதனுக்குக் காய்ச்சலில் கண் பார்வை போய்விட்டது. யாரிடமும் பேசாமல் முடங்கிக் கிடந்தவனை எழுந்து உட்கார வைத்தது, அடுத்த குவார்ட்டர்ஸ் மரகதம் டீச்சர் கொடுத்த குறுக்கெழுத்துப் புத்தகம்தான். மனைவி அம்சவல்லி கேள்வியை வாசிப்பாள்; அவன் விடை சொல்வான்; அவள் கட்டத்தில் எழுதுவாள்.

அன்று மாலை டீச்சர் விசாரிக்க வந்தபோதும் அதுதான் நடந்துகொண்டிருந்தது.

“ரெண்டே எழுத்துங்க. கட்டினவன் ஒருத்தன், குடியிருக்கிறவன் ஒருத்தன்.”

“மொத எழுத்து?”

“‘வூ’ங்க.”

“வூடு! நம்ம குவார்ட்டர்ஸையே கேக்கறான்டி!” அவன் கைகொட்டிச் சிரித்தான்.

டீச்சர் புத்தகத்தை எட்டிப் பார்த்தார். கட்டங்களில் எழுத்தே இல்லை, வெறும் கிறுக்கல். அம்சவல்லி அவரைக் கொல்லைப்புறம் இழுத்துப் போனாள்.

“எனக்குப் படிக்கத் தெரியாது டீச்சர். அஞ்சாங் கிளாஸுன்னு பொய் சொல்லிக் கட்டிக் குடுத்துட்டாங்க. கேள்வியெல்லாம் நானே கட்டிச் சொல்றேன். தெரிஞ்சா மறுபடி படுத்துக்குவாரு. சொல்லிடாதீங்க.”

“முருகன்மேல சத்தியமா சொல்ல மாட்டேம்மா.”

அம்சவல்லி முகம் கழுவப் போனாள். வாசலுக்கு வந்த டீச்சரைக் கொளஞ்சிநாதன் மெல்லக் கூப்பிட்டான்.

“டீச்சரம்மா, எந்தப் புஸ்தகத்துலங்க ‘வூடு’ன்னு போட்டிருக்கும்? அவளுக்குப் படிக்கத் தெரியாதுன்னு மொத நாளே தெரிஞ்சிக்கினேன்.”

“அப்புறம் ஏன்ப்பா இது?”

“இது இல்லன்னா என் மொகத்தப் பாத்துப் பாத்து அழுதுகினே இருப்பா. அவகிட்ட சொல்லிடாதீங்க.”

டீச்சர் அதற்கும் சத்தியம் செய்தார். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு படியிறங்கும்போது, அம்சவல்லி அடுத்த கேள்வியை வாசிக்கத் தொடங்கினாள்.