மூன்றாவது மென்பொருளில் ஓடிய கோடு

அக்காவும் தம்பியும் சேர்ந்து நடத்தும் சிறிய நிறுவனம் அது. நோயாளிகள் வீட்டில் பயன்படுத்தும் மூச்சுக் கருவிகளைக் கண்காணிக்க ஒரு செயலி செய்திருந்தார்கள். அதற்குள் வரைபடம் காட்டும் பகுப்பாய்வு மென்பொருள் ஒன்று தேவைப்பட்டது. மூன்றை வரவழைத்து, ஒரே தரவைக் கொடுத்து ஒப்பிட்டார்கள்.

முதல் இரண்டும் ஒன்றுபோலவே காட்டின. மூன்றாவதில் ஒரு கோடு கூடுதலாக ஓடியது. அதில் அக்காவின் மாமனார் பெயர் இருந்தது. இதே கருவியைப் பயன்படுத்திவந்த அவர் போன வருஷமே காலமாகிவிட்டார்.

"பழைய தரவு எங்கயாவது ஒட்டிட்டிருக்கும்க்கா."

"எல்லாம் அப்பவே அழிச்சாச்சுடா. இங்க பாரு, இது இப்போ ஓடுது."

கோடு திணறியது. பிறகு சிவப்பாக மாறியது. மாமனாருக்கு மூச்சு முட்டும்போதெல்லாம் வரும் அதே எச்சரிக்கை.

அக்கா பதறிப்போய், மாமனார் கடைசிவரை இருந்த தன் வீட்டுக்கு போன் செய்தாள். இரவு வேலை முடித்து வந்திருந்த கணவர் எடுக்கவில்லை. அடுத்த தெருவிலிருந்த வீட்டுக்கு ஓடினாள்.

கதவைத் திறந்ததும் கேஸ் நெடி முகத்தில் அடித்தது. பால் பொங்கி அடுப்பை அணைத்திருந்தது. நாற்காலியிலேயே அசந்து தூங்கிய கணவரை உலுக்கி, வாசலுக்கு இழுத்து வந்தாள்.

"நீ எப்படி இந்நேரத்துக்கு வந்த?" என்றார் இருமிக்கொண்டே.

"உங்கப்பாதான் கூப்பிட்டார்." அவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டு அழுதாள்.

சாயங்காலம் தம்பியை அழைத்தாள். "விலை ஜாஸ்தியானாலும் மூணாவதையே வாங்கிடுடா."

"வாங்கிடலாம்க்கா. நீ கதவைத் திறந்த நேரமா இருக்கும், கோடு பச்சையாச்சு. பெருமூச்சு விடற மாதிரி ஒரு தடவை ஏறி இறங்குச்சு. அப்புறம் காணோம்."