வெள்ளைக் கார் வரும் கப்பல்

“ண்ணா, நம்ம காரு எறங்கிச்சா?”

பால்ராஜ் சைக்கிளை விட்டு இறங்கக்கூட இல்லை. மதில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பஞ்சவர்ணத்தின் குரல் வந்துவிட்டது. நூம்பல் ஊர் முழுக்கக் கேட்கிற குரல்.

“இன்னும் இல்லமா.”

“வெள்ளக் காருண்ணா. புத்தம் புதுசு. கப்பல்லேந்து எறக்குனா ஒடனே சொல்லுங்க.”

பால்ராஜுக்குத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலை. அதனால் கடலில் வருகிற கப்பலுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு என்று இவளுக்கு நினைப்பு.

உள்ளே நுழைந்ததும் மனைவி புஷ்பா பிடித்துக்கொண்டாள்.

“குவைத்துல சண்ட வந்து ஊரே பத்திகினு எரியுது. கட்டுன புருசங்கிட்டேந்து ஒரு தகவல் இல்ல. குணசேகரன் இன்னா ஆனான்னு ஒரு வார்த்த கேக்கறாளா? எப்பப் பாரு காரு, காரு. இன்னா பொம்பளையோ.”

பால்ராஜுக்கும் அதே எண்ணம்தான். குணசேகரன் தங்கமான பையன். அங்கே பெயிண்டர் வேலை. அவனுடைய முதலாளி புதுக் கார் ஒன்றை வாங்கிக் கொடுத்து, சண்டைக்கு முன்னாலேயே கப்பலில் ஏற்றியும் விட்டாராம். தெருவில் யாரும் நம்பவில்லை. அவள் மட்டும் விடுவதாக இல்லை.

ஒருநாள் காலையில் தெருக் குழாயடியில் அவள் தனியாக நின்றிருந்தாள். பால்ராஜ் மனதில் இருந்ததைக் கொட்டிவிட்டார்.

“காரு கெடக்கட்டும் பஞ்சவர்ணம். மொதல்ல அவன் வந்து சேரட்டும். அவனப் பத்தி என்னிக்காச்சும் கேட்டியா நீ?”

பஞ்சவர்ணம் குடத்தைக் கீழே வைத்தாள். திரும்பித் தன் வீட்டைப் பார்த்தாள். அந்தப் பெரிய குரல் எங்கேயோ போய்விட்டது.

“காரு ஏதுண்ணா? நாந்தான் கத கட்டுனேன்.”

“இன்னாது?”

“தகவல் இல்லன்னதும் எங்க அத்த சோறு துன்றதையே நிறுத்திட்டாங்க. அவரு காரு அனுப்பிக்கீறாரு, பின்னாலயே வர்றாருன்னு சொன்னேன். அன்னிக்குதான் ரெண்டு வாய் துன்னாங்க. உங்ககிட்ட அவரப் பத்திக் கேட்டா, ஒண்ணும் தெரியலன்னு அவங்களுக்குப் புரிஞ்சிடும். காரக் கேட்டா, புள்ள நல்லா கீறான்னு நெனச்சிக்குவாங்க.”

குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

“சாயந்தரமும் கேப்பேன். கோச்சிக்காதீங்கண்ணா.”

பால்ராஜுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

அன்று சாயந்தரம் அவள் வாயைத் திறப்பதற்குள் இவர் கத்தினார். “பஞ்சவர்ணம், கப்பல் வந்துடுச்சாம். உள்ள எடமில்லாம கடல்ல நிக்குது.”

அதற்கப்புறம் கார் வளர ஆரம்பித்தது. சீட்டெல்லாம் சிவப்பு என்றார் பால்ராஜ். பாட்டுப் பெட்டி உண்டு என்றாள் பஞ்சவர்ணம்.

“கண்ணாடி ஏத்தி எறக்கலாமா நைனா?” என்று உள்ளேயிருந்து மாமியார் நாகம்மா கேட்டாள்.

“சோக்கா ஏத்தி எறக்கலாம்மா.”

“அப்ப முன்னாடி நாந்தான் குந்துவேன்.”

கார் வந்ததும் நேரே திருவேற்காட்டு அம்மன் கோயிலுக்கு ஓட்டிக்கொண்டு போய், நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிப் பூஜை போடுவது, அப்படியே மாங்காட்டுக்கு ஒரு சுற்று என்று முடிவாயிற்று. புஷ்பாகூட பின் சீட்டில் ஓர் இடம் பிடித்து வைத்துக்கொண்டாள்.

பால்ராஜுக்கு என்னவோ ஆகிவிட்டது. ஓவர்டைம் பார்க்கிற நாளில், அந்தி சாயும் நேரம், கிரேன் மேலிருந்து பார்த்தால் தூரத்தில் கப்பல்கள் விளக்கேற்றிக்கொண்டு நிற்கும். அதில் ஒன்றின் வயிற்றுக்குள் ஒரு வெள்ளைக் கார் தூங்குகிறது என்று தோன்றும். பொய் என்று தெரியும். இருந்தாலும் ஒவ்வொரு கப்பலிலிருந்தும் சரக்கு இறக்கும்போது கண் வெள்ளை நிறத்தைத் தேடியது. காரின் கதவைத் திறந்துகொண்டு குணசேகரன் இறங்குவது போலவும் இருந்தது.

வெள்ளிக்கிழமை. வீட்டுக்குள் நுழையப் போன பால்ராஜை நாகம்மா கைகாட்டிக் கூப்பிட்டாள். வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். கையில் ஓர் எலுமிச்சம்பழம்.

“இன்னாமா, பூஜைக்கு இப்பவே ரெடியா? நாலு டயருக்கு நாலு வேணுமே. ஒண்ணுதானே கீது?”

நாகம்மா தெருவை எட்டிப் பார்த்தாள். “மருமவ ரேசன் கடைக்குப் போயிருக்குது. அதான் கூப்ட்டேன். எம்புள்ள செவுத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கிறவன் நைனா. அவனுக்கு யாரு காரு குடுப்பா?”

பால்ராஜ் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கிட்டே வந்தார்.

“காரு கத பேசறப்பதான் அந்தப் பொண்ணு அழாம கீது. நான் துன்னாதான் அதுவும் துன்னுது. நீ நிறுத்திடாத. கப்பல் நிக்குதுன்னே சொல்லிகினு இரு.”

“சரிம்மா” என்றார். “அப்ப இந்தப் பழம்?”

நாகம்மா அதை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

“வர்றவன வாசல்ல நிக்கவச்சு சுத்திப் போடத்தான். அதுக்கு ஒண்ணு போதும்.”