துவக்கு பேசிய தமிழ்

“என்ர துவக்கு ஒருக்கா தமிழ் கதைச்சது!”

லண்டன் ஆயுதப் பொலிஸில் இருந்து ஓய்வுபெற்ற கேதீஸ்வரன் தன் பழைய துப்பாக்கியைப் பற்றி இப்படிச் சொன்னதும் டூட்டிங் பகுதிச் சாப்பாட்டுக்கடையில் வடைகூடச் சிரித்தது.

“யாழ்ப்பாணத் தமிழோ, மட்டக்களப்புத் தமிழோ?” என்று சீண்டினார் தயாபரன். கேதீஸ்வரன் எதைச் சொன்னாலும் நம்பாதவர் அவர்.

“அமெரிக்காவில ஓய்வுபெறுற பொலிஸ்காரர் தன்ர துவக்கைக் காசு குடுத்து வாங்கலாமாம். நானும் கேட்டுப் பாத்தன். இஞ்ச ஏலாதாம். நாளைக்கு உருக்கப் போகினம்.” என்றார் கேதீஸ்வரன்.

“உருக்கட்டுமன். உமக்கு அது என்னத்துக்கு?”

“அண்டைக்கு நடந்ததுக்கு எனக்கு அது ஒண்டுதான் சாட்சி, அண்ணை.”

பக்கத்து மேசையில் மறுபடி சிரித்தார்கள். தயாபரன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

“சிரிக்காதேங்கோ. செத்துப்போன பெண்சாதியைத் தகனம் செய்த அண்டைக்கு, பொலிஸ் தன்னைச் சுட்டுக் கொல்லட்டும் எண்டு ஒருத்தன் கத்தியோட றோட்டில நிண்டவன். நீட்டின துவக்குக்குப் பின்னால இருந்து, ‘அண்ணை, நான் சுடமாட்டன், கத்தியைப் போடுங்கோ’ எண்டு ஒரு குரல் வந்தது.”

“உங்களுக்கு எப்பிடித் தெரியும்?” என்றார் கடைக்காரர்.

“பன்னிரண்டு வருஷமா இவர் அந்த ஆளின்ர பேரை மட்டும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. நடந்தது உண்மை. கத்தியோட நிண்டது நான்தான்.”